ராஜா கையில் கோடரி ஏன் இல்லை?



ஈப்போவில் படிக்கும் ஒரு சுட்டிப் பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, எந்த ராஜா படத்தைப் பார்த்தாலும் கையில் வாள்தான் இருக்கிறது. ஏன், கோடரி வைத்திருக்கக் கூடாதா? கோடரியால் வெட்டினாலும் எதிரி விழுந்துவிடுவானே?"

அடடா! என்ன அருமையான கேள்வி! பெரிய பெரிய ஆய்வாளர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு மண்ணைத் தோண்டியிருக்கிறார்கள். வாருங்கள், நாமும் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

முதலில் உங்கள் தாத்தா பாட்டியிடம் போய் ஒன்று கேளுங்கள். தோட்டத்தில் இருந்தபோது அவர்கள் வீட்டில் என்னென்ன இரும்புச் சாமான்கள் இருந்தன? பால்மரம் வெட்டும் உளி இருந்திருக்கும். பாராங் கத்தி இருந்திருக்கும். மண்வெட்டி, கோடரி, தேங்காய் துருவி, அரிவாள்மணை என்று பட்டியல் நீளும். "வாள் இருந்ததா பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். பாட்டி சிரித்துவிடுவார்.

ஏன் வாள் இல்லை? அதை வைத்து என்ன செய்வது? உளியால் பால் எடுக்கலாம். பாராங்கால் லாலான் புல் வெட்டலாம். கோடரியால் விறகு பிளக்கலாம். ஈட்டி இருந்தால் காட்டுப்பன்றியை விரட்டலாம். வாளால் விறகு பிளந்தால் வாள் கெட்டுப்போகும். மீன் நறுக்க முடியாது, மண் கொத்த முடியாது. அதற்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. மனிதன் மனிதனோடு சண்டை போடுவது. மற்ற நேரமெல்லாம் அது சும்மாதான் இருக்கும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். சும்மா இருக்கப்போகும் ஒரு பொருளுக்கு யாரால் இவ்வளவு இரும்பைச் செலவழிக்க முடியும்? வயிற்றுப்பாட்டுக்கு உழைக்கும் ஒருவரால் முடியுமா? முடியாது. அவருக்குக் கிடைக்கும் இரும்பு உளிக்கும் மண்வெட்டிக்குமே சரியாகிவிடும். இடுப்பில் வாள் தொங்கினால் "நான் மண் கொத்த வேண்டியதில்லை" என்று அந்த ஆள் வாயைத் திறக்காமலே சொல்லிவிடுகிறார். புரிகிறதா? பாதி பதில் கிடைத்துவிட்டது.

மீதிப் பாதி இரும்புக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் இரும்பு எடுத்தவர்கள் களிமண்ணால் உலை கட்டினார்கள். இரும்புக்கல்லையும் மரக்கரியையும் மாற்றி மாற்றிக் கொட்டித் துருத்தியால் ஊதினார்கள். இரும்பு உருகி ஓட 1,538 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சின்ன உலையில் அவ்வளவு சூடு ஏறாது. அதனால் உள்ளே இரும்பு உருகாமல், ஓட்டை ஓட்டையாக, கசடு கலந்த ஒரு கட்டியாகத்தான் சேரும். அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடித்துக் கசடை வெளியேற்ற வேண்டும். அத்தனை பாடுபட்டபின் கைக்கு வருவது சின்னத் துண்டுதான். ஒரு ஈட்டி முனைக்கு அது போதும். ஒரு உளிக்கும் போதும். ஒரு கை நீள வாளுக்கு எங்கே போதும்?

அதோடு ஒரு சிக்கலும் இருந்தது. இரும்பில் கரி, அதாவது கார்பன், எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதன் குணம் அமையும். கரியே இல்லாவிட்டால் இரும்பு மெத்தென்று இருக்கும். அப்படிப்பட்ட வாள் ஒரே அடியில் வளைந்துவிடும். நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு கரி ஏறிவிட்டால் இரும்பு கடினமாகிவிடும். ஆனால் கீழே விழுந்தாலே உடையும். நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாக, அளவோடு கரி கலந்தால்தான் நல்ல எஃகு. அந்தக் கொல்லர்களிடம் வெப்பமானி கிடையாது, சோதனைச்சாலை கிடையாது. நெருப்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தும் சுத்தியல் சத்தத்தைக் காதால் கேட்டும் முடிவு செய்தார்கள்.

ஒரே கட்டியில் ஒரு பக்கம் மென்மையாகவும் மறு பக்கம் கடினமாகவும் இருந்தால் என்ன செய்வது? ஐரோப்பாவின் கொல்லர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரும்பை மெல்லிய கம்பிகளாக அடித்துக்கொண்டார்கள். பல கம்பிகளை ஒன்றாகச் சேர்த்துக் காய்ச்சி, துவைத்த துணியை அம்மா பிழியும்போது முறுக்குவதுபோல முறுக்கினார்கள். முறுக்கிய கம்பிகளைப் பக்கம் பக்கமாக வைத்து அடித்து ஒன்றாக்கினார்கள். ஓரத்தில் மட்டும் நல்ல எஃகை வைத்துக் கூர் தீட்டினார்கள். மெருகேற்றிப் பார்த்தால் வாளின் நடுவில் பாம்புத்தோல் மாதிரி வரிவரியாகக் கோலம் தெரியும்! வலிமைக்காகத் தொடங்கிய வேலை கடைசியில் அழகாகவும் முடிந்தது. பிறகு அந்தக் கோலமே பெருமையாகிவிட்டது.

இதே தந்திரம் நம் நாட்டிலும் உண்டு. கெரிஸின் அலகை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? வெளிர் நிறத்தில் நீரோட்டம்போல் கோடுகள் ஓடும். அதைப் பாமோர் என்பார்கள். சாதாரண இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, மடித்து, அடித்துச் செய்வதால் வருவது அது. எங்கோ வடக்கே பனியில் இருந்த கொல்லரும் இங்கே நம் தீவுகளில் இருந்த கொல்லரும் தனித்தனியே ஒரே யோசனைக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

தமிழ்நாட்டுக் கொல்லர்கள் வேறு வழியில் போனார்கள். ஈரோட்டுப் பக்கம் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தோண்டியபோது பழைய இரும்பு உலைகளும் மூசைகளும் கிடைத்தன. மூசை என்றால் களிமண்ணால் செய்த சிறு குடுவை. அதற்குள் இரும்பையும் மரத்துண்டுகளையும் போட்டு, வாயை மூடி, நீண்ட நேரம் காய்ச்சுவார்கள். மூடிய குடுவைக்குள் கரி இரும்போடு கலந்துவிடும். இப்படிக் கரி ஏறிய இரும்புக்கு அவ்வளவு சூடு தேவையில்லை, சீக்கிரமே உருகும். அதனால் கட்டி முழுவதும் ஒரே சீரான எஃகு கிடைக்கும். இந்திய எஃகு பல நூற்றாண்டுகள் கப்பலேறி மேற்கே போனது. பெயர் பெற்ற டமாஸ்கஸ் வாள்கள் அந்த எஃகில் பிறந்தவைதான்.

சரி, வாள் செய்வது எவ்வளவு பாடு என்று தெரிந்துவிட்டது. விலை எவ்வளவு இருக்கும்? கணக்கு பிடித்தவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள்.

இன்றைய ஜெர்மனியில், ரைன் ஆற்றங்கரையில் ரிப்புவேரிய ஃபிராங்குகள் என்ற மக்கள் வாழ்ந்தார்கள். 7 ஆம் நூற்றாண்டில் அவர்கள் எழுதி வைத்த சட்டத்தில், தண்டம் கட்ட வேண்டியவர் காசுக்குப் பதிலாக எந்தெந்தப் பொருளை என்ன மதிப்பில் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சொலிடஸ் என்ற பொற்காசுதான் அளவு. ஈட்டியும் கேடயமும் சேர்த்து 2 காசு. நல்ல மாடு ஒன்றும் 2 காசு. உறையோடு கூடிய வாள் 7 காசு. உறை இல்லாத வாள் 3 காசு.

அப்படியானால் உறையின் மதிப்பு என்ன? ஏழிலிருந்து மூன்று போனால் நான்கு. வாளைவிட உறைக்கு மதிப்பு அதிகம்! வெட்டுவது அலகுதானே, உறை வெட்டுமா? வெட்டாது. ஆனால் சபையில் உட்கார்ந்திருக்கும்போது பிறர் கண்ணில் படுவது உறையும் பிடியும்தான். இந்த ஒரு கணக்கே போதும், வாள் எதற்காக இருந்தது என்று சொல்லிவிடும்.

இப்போது ஒரு கல்லறைக்குள் எட்டிப் பார்ப்போம். பயப்படாதீர்கள், நான் கூடவே வருகிறேன்.

1939 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சட்டன் ஹூ என்ற இடத்தில் ஒரு மண்மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே சுமார் 27 மீட்டர் நீளக் கப்பலின் அச்சு தெரிந்தது. மரமெல்லாம் மக்கிப்போய், ஆணிகள் மட்டும் வரிசையாக மண்ணில் இருந்தன. கப்பல் நடுவில் பொன்னும் வெள்ளியும், கூடவே ஒரு வாளும். 7 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்த ஓர் அரசருடையதாக இருக்கலாம் என்கிறார்கள். ராட்வால்ட் என்ற அரசராக இருக்கக்கூடும் என்பது பலருடைய கருத்து.

அந்த வாள் துருப்பிடித்து உறையோடு ஒட்டிப்போயிருந்தது, வெளியே இழுக்கவே முடியாது. ஆய்வாளர்கள் எக்ஸ்ரே எடுத்தார்கள். துருவுக்குள்ளே அந்த முறுக்குக் கோலம் தெரிந்தது! பிடியின் தலையில் பொன், பொன்னில் சிவப்புக் கற்கள். அக்காலத்து ஐரோப்பியப் பொற்கொல்லர்கள் பதித்த இத்தகைய சிவப்புக் கற்களில் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று வேதியியல் சோதனைகள் காட்டுகின்றன. நம் முன்னோர் மண்ணில் தோண்டிய கல், உலகத்தின் மறு கோடியில் ஒரு வாளின் மேல் மின்னியிருக்கிறது.

இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வாளர் சூ பிரனிங் அந்தப் பொற்பிடியை உற்றுப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. ஆண்டுக்கணக்காக ஒரு கை அதன்மேல் படிந்து படிந்து வந்த தேய்மானம் அது. தேய்ந்த பக்கத்தை வைத்து, வாளின் சொந்தக்காரர் இடக்கைப் பழக்கம் உள்ளவராக இருந்திருக்கலாம் என்று அவர் சொன்னார். உங்களில் யாருக்காவது இடக்கைப் பழக்கம் உண்டா? உங்களுக்குத் துணையாக ஒரு ராஜா இருந்திருக்கிறார்!

சட்டன் ஹூவில் இருந்தவர் பெரும்பாலும் அரசராக இருக்கலாம். அதே காலத்துச் சாதாரண மக்களின் கல்லறைகளையும் ஆய்வாளர்கள் தோண்டினார்கள். ஈட்டிகள் நிறையக் கிடைத்தன, வாள் அபூர்வமாகத்தான் கிடைத்தது. சண்டையே போட முடியாத சிறு பையன்களின் குழிகளிலும் ஈட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பையன் போருக்குப் போனான் என்றா அதற்கு அர்த்தம்? இல்லை. அவன் எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்பதற்கு அது அடையாளம்.

நம் பேராக்கிலும் இப்படிப் பழைய கல்லறைகள் உண்டு. தெற்கே சுங்காய், சிலிம் பக்கம் பெரிய கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய குழிகள் அவை. ஐவர் எவன்ஸ் என்ற அருங்காட்சியக ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்தார். மணிகளும், பிடி செருகத் துளை வைத்த இரும்புக் கருவிகளும் அங்கே கிடைத்தன. அந்தக் கருவிகளைப் பார்த்த ஊர்மக்களுக்கு விநோதமாக இருந்தது. மாவாஸ் என்ற குரங்கின் எலும்பு என்று நினைத்து 'துலாங் மாவாஸ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இரும்பு அருமையாகக் கிடைத்த காலத்தில், இன்னும் உழைக்கக்கூடிய ஒரு கருவியை இறந்தவரோடு புதைக்க வேண்டுமென்றால், அவர் எவ்வளவு மதிப்புக்குரியவராக இருந்திருக்க வேண்டும்!

இனித் தமிழ்நாட்டுக்குப் போவோமா? சட்டன் ஹூ அரசரைப் புதைத்த அதே காலத்தில் அங்கே பல்லவ மன்னர் மகேந்திரவர்மன் ஆண்டுகொண்டிருந்தார். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் வட்டாரம் முழுவதும் அந்தக் காலத்து நடுகற்கள் இருக்கின்றன. மாடுகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டவர்களுக்கு ஊரார் நட்ட கற்கள் அவை. பல கற்களில் வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாக நிற்கிறான்.

எடுத்தனூரில் இருக்கும் நடுகல்லை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மகேந்திரவர்மனின் 34 ஆம் ஆட்சியாண்டில் நட்டது. அதில் வீரனோடு ஒரு நாயும் இருக்கிறது! கோவிவன் என்பது அதன் பெயர். தன் எசமானர் விழுந்த பிறகும் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். அந்த நாயின் பெயரையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்த வீரன் ராஜா இல்லை. ஊர் மாடுகளைக் காக்கப் போனவன். பொன்பிடி வைத்த வாளைவிட அந்தக் கல்லில் இருக்கும் குறுவாளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அது காசு கொடுத்து வாங்கிய மரியாதை இல்லை.

ஆனால் தமிழ் மன்னர்களுக்கு வாள் வெறும் ஆயுதம் மட்டும் இல்லை. தொல்காப்பியத்திலும், 9 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் புறப்பொருள் வெண்பாமாலையிலும் 'வாள் நாட்கோள்' என்று ஒரு வழக்கம் வருகிறது. நல்ல நேரம் பார்த்து மன்னனின் வாளை முன்கூட்டியே புறப்பட வைப்பார்கள். வெண்கொற்றக் குடைக்கும் அப்படியே. மன்னன் பிறகு வருவான். வாள் போய்விட்டால் மன்னனே போனதாகக் கணக்கு!

இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இப்போது நாம் நம் பேராக்குக்கே வந்துவிட்டோம்.

பேராக் சுல்தானிடம் ஒரு வாள் இருக்கிறது. அதன் பெயர் சூரா சி மாஞ்சாகினி. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு இதைப் பற்றி ஒரு கதை சொல்கிறது. பலெம்பாங்கில் புக்கிட் செகுந்தாங் மலையில் தோன்றிய சாங் சப்பூர்பா என்ற மன்னரின் வாளாம் அது. சக்திமுனா என்ற மாபெரும் பாம்பை வெட்டியபோது வாளில் 190 வெட்டுத் தழும்புகள் விழுந்தனவாம். கதை கதையாகவே இருக்கட்டும். வரலாறு என்ன சொல்கிறது? 1511 இல் மலாக்கா போர்த்துகீசியர் கைக்குப் போனது. மலாக்காவின் கடைசி சுல்தான் மாமூட் ஷாவின் மகன் முசாஃபர் ஷா 1528 இல் பேராக்கின் முதல் சுல்தான் ஆனார். மலாக்கா அரச குடும்பத்தின் வழிவந்தவை என்றுதான் பேராக்கின் அரசுச் சின்னங்களை இன்றும் போற்றுகிறார்கள்.

சின்னம்தானே, அதற்கு அவ்வளவு பலமா என்று கேட்கிறீர்களா? 1874 இல் நடந்ததைக் கேளுங்கள்.

1871 இல் சுல்தான் அலி இறந்தார். அடுத்து வரவேண்டிய ராஜா மூடா அப்துல்லா அடக்கத்துக்கு வரவில்லை. பெரியவர்கள் கூடி இஸ்மாயிலை சுல்தான் ஆக்கிவிட்டார்கள். அரசுச் சின்னங்கள் அவரிடம் போயின. மூன்று ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயர்கள் பங்கோரில் கூட்டம் போட்டு, 20 ஜனவரி 1874 அன்று ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். "இனி அப்துல்லாதான் சுல்தான்" என்றது ஒப்பந்தம். இஸ்மாயில் அந்தக் கூட்டத்துக்குப் போகவே இல்லை.

இப்போது பாருங்கள். அப்துல்லாவிடம் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது. பின்னால் ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் இருந்தன. ஆனால் வாளும் மற்றச் சின்னங்களும் இஸ்மாயிலிடம்தான் இருந்தன. பேராக் ஆற்றங்கரையில் பிளாஞ்சாவில் இருந்த அவரிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். கொடுக்கவில்லை. சின்னங்கள் இல்லாமல் முறைப்படி முடிசூட்டுவது எப்படி? பீரங்கி வைத்திருந்தவர்கள் ஒரு பழைய வாளுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது! இதற்கிடையில் 1875 நவம்பரில் ஆங்கிலேய ரெசிடெண்ட் பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். போர் மூண்டது. 1876 இல்தான் இஸ்மாயில் சரணடைந்தார்.

அந்தக் காலத்தில் துப்பாக்கி வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த வாளை எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்குப் போகப் போவதில்லை. ஆனாலும் அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் சுல்தான் என்று மக்கள் மனத்தில் இருந்தது. சண்டைக்கு உதவாத காலத்தில்தான் வாளின் மற்றொரு வேலை நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. தெரிகிறதா?

அந்த வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. 6 மே 2015 அன்று கோலாகங்சாரில், இஸ்கண்டாரியா அரண்மனையில் பேராக்கின் 35 ஆவது சுல்தான் நஸ்ரின் ஷாவின் முடிசூட்டு விழா நடந்தது. நோபாட் இசை முழங்கியது. சுல்தான் அணிந்திருந்த சின்னங்களில் சூரா சி மாஞ்சாகினியும் ஒன்று.

கேள்வி கேட்ட அந்தச் சுட்டிப் பெண்ணுக்கு இப்போது பதில் கிடைத்திருக்கும். கோடரி எல்லார் வீட்டிலும் இருந்தது. அதனால் அது யாரையும் ராஜா ஆக்கவில்லை.

அடுத்த பள்ளி விடுமுறையில் தைப்பிங்கில் இருக்கும் பேராக் அருங்காட்சியகத்துக்கு அப்பா அம்மாவோடு போய் வாருங்கள். 1883 இல் தொடங்கியது, நாட்டிலேயே பழைய அருங்காட்சியகம் அது. அங்கே ஆயுதங்கள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவசரப்படாமல் நில்லுங்கள். அலகில் கோடுகள் ஓடுகின்றனவா, பிடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, உறையில் எவ்வளவு வேலைப்பாடு என்று பாருங்கள். பார்த்ததை ஒரு தாளில் வரைந்து, பெயரும் வகுப்பும் எழுதி எனக்கு அனுப்புங்கள். உங்கள் கேள்வியையும் சேர்த்து எழுத மறக்க வேண்டாம், செல்வங்களே!